மலையகத் தோட்டங்களில் மறதிநோய்

முதுமையில் மறதி இயல்பே எனக் கொண்டு வாளாவிருத்தல் நம்மவர் வழக்கம். யாழ்ப்பாணத்தார் இதனை ‘அறளை பெயர்தல்’ என்பர். பெயரொன்று இட்டுவிட்டமையாலேயே அதன் இயல்பை ஆராய்வார் அரியராயினர் போலும். 1906ஆம் ஆண்டில் ஜேர்மனிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், ஐம்பதுகளில் நினைவிழந்து இறந்த பெண்ணொருத்தியின் மூளையிற் படிந்திருந்த பொருள்களையும் முறுகிய நாரிழைகளையும் கண்டு அறிவித்தார். முதியோரிடம் காணும் பெருமறதியிலும் பெரும்பாலானது இதே நோயே என்பது பல்லாண்டுகளின் பின்னரே தெளிவாயிற்று.

இதன் தொடக்கநிலை அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் எளிதிற் புலப்படாது. நாற்பதாண்டு கொழுந்து பறித்த மூதாட்டியொருவரை எண்ணுக. சற்றுமுன் குடித்த தேநீரை மறந்து மீண்டும் கேட்பார்; ஆயின் செடியருகே நிறுத்தினால் அவர் விரல்கள் இரண்டிலையும் ஒரு மொட்டும் பிழையாது கிள்ளும். புதியனவற்றைப் பதியவைக்கும் ஹிப்போகம்பஸ் என்னும் மூளைப்பகுதி முதலில் நலிகின்றது. கைப்பழக்கத்தைக் காக்கும் பகுதிகளோ நெடுநாள் நிலைக்கின்றன. வேலையைக் கண்டு வீட்டார் ஏமாறுவது இதனாலேயே.

மருத்துவர் கையாளும் வினாநிரல்களும் இங்கே முழுத்துணை ஆவதில்லை. 1975இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டு உலகெங்கும் பரவிய முப்பது புள்ளிச் சோதனை, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கவும் ஒரு வாக்கியம் எழுதவும் கேட்கின்றது. பள்ளி வாயிலை மிதியாதவர் நோயின்றியே இதில் தவறுவர். இப்பொழுது என்ன பருவம் என்றும் அது வினவும். மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் நுவரெலியாவில் விடை கூற ஆசிரியருக்கே தயக்கம் உண்டாகலாம்! ஆதலின், ஒருவரை ஏட்டின் அளவையோடு ஒப்பிடாது, அவருடைய முன்னைய ஆற்றலோடு ஒப்பிடுதலே தக்கது. பெயர்ப்பதிவையும் கொழுந்தின் நிறுவையையும் வாய்க்கணக்காகவே வைத்திருந்தவர் கடைக்காரர் தரும் மீதிச்சில்லறையில் தடுமாறினால், அது பொருட்படுத்தத்தக்க அடையாளம். உயிர்ச்சத்து பி12 குறைவு, தைரொய்ட் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு என்பனவும் இவ்வாறே தோன்றும். இவை மருந்தாற் பெரும்பாலும் சீர்படுவன. எனவே மருத்துவமனைக்கு அழைத்துச்செல்லத் தாமதித்தல் ஆகாது.

லயத்தின் அமைப்பே நோயாளரை மயக்குவது. ஒரே கூரையின் கீழ் ஒரே அளவினவாய் வரிசையாக நிற்கும் காம்பராக்களுள் தம் கதவு எதுவென அவர் திகைப்பர். அக்கதவிற்கு மட்டும் வேற்றுநிறம் தீட்டுதல் சிறு செலவு, பயன் பெரிது. மருமகள் மலைக்குச் சென்றபின் தனித்திருப்பவருக்கு விறகடுப்பே பேரச்சம். மதிய உணவை முன்னரே ஆக்கிவைத்து, நெருப்பை முற்றாக அணைத்துச் செல்லல் வேண்டும். ஓய்வுபெற்றவர் விடியலில் எழுந்து பிரட்டுக்களத்திற்குப் புறப்படுவதும் உண்டு. ‘உனக்கு ஏது வேலை?’ என்று இடித்துரைத்தால் அவர் கலங்குவர். இஸ்தோப்பில் அமர்த்தி, கீரை ஆயவோ அரிசியிற் கல் பொறுக்கவோ கொடுத்தால் அடங்குவர்; கைக்கும் வேலை கிடைக்கும்.

பணவிடயத்தில் ஒன்று. 1958இல் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியின் பணம், ஓய்வுக்குப்பின் ஒருவர் கைக்கு வரும் பெருந்தொகையாதல் பெரும்பான்மை. அது எவ்வாறு செலவாகவேண்டும், தம்மை யார் பார்த்தல்வேண்டும் என்பவற்றை நோயாளர் தாமே கூறவல்லவர், தொடக்கநிலையில் மட்டுமே. விளங்காத தாளிற் பெருவிரல் ஒற்றச்செய்யுமுன், விளங்கும் காலத்தில் அவரைக் கேட்டல் கடன்.

கொழும்பிலுள்ள பிள்ளைகள் அவரைத் தம்மோடு அழைத்துக்கொள்ள விரும்புவது அன்பினாலேயே. ஆயினும் தோட்டத்தில் வழிதவறினால், பீலிக்கரையில் நிற்கும் எவரும் கைபிடித்து வீடு சேர்ப்பர். கொழும்புத் தெருவில் அவர் பெயரை அறிந்தார் எவருமிலர்.