ஒய், எம், என்: மூன்று எழுத்தில் ஒரு கெர்னல்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ம் தேதி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் வந்த லேப்டாப்களை ஆன் செய்தால் ஒரு கேள்வி கேட்கும்: விண்டோஸா, பாஸ் லினக்ஸா? 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம்தான் பாஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் மையம் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் போன்ற ஊர்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் சொந்தமாகத் தொட்ட முதல் கணினி அந்த லேப்டாப்தான். அவர்களில் அனேகம் பேர் விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அடுத்த வரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் 'பூட்' என்ற ஃபோல்டருக்குள் 'கான்ஃபிக்' என்று பெயர் தொடங்கும் ஒரு ஃபைல் இருப்பது வழக்கம். வெறும் டெக்ஸ்ட் ஃபைல். யாரும் திறக்கலாம், படிக்கலாம். அந்த இயந்திரத்தின் கெர்னலைக் கட்டியவர்கள் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதெல்லாம் வரிக்கு வரி அதில் எழுதியிருக்கும். லட்சக்கணக்கான தமிழ் மாணவர்களின் மடியில் இருந்த அந்த ஃபைலைப் பற்றி வகுப்புகளில் பெரிதாகப் பேச்சு எழவில்லை என்பதுதான் வருத்தம்.

ஃபைலுக்குள் என்ன?

கீபோர்டு, டிஸ்க், மெமரி, வைஃபை என்று கணினியின் ஒவ்வொரு பாகத்தோடும் நேரடியாகப் பேசுகிற மென்பொருள் கெர்னல். லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் உலகத்துக்கே ஒன்றுதான். சூப்பர் கம்ப்யூட்டருக்கும் அதுவே, ஆண்ட்ராய்டு போனுக்கும் அதுவே, வீட்டு வைஃபை ரவுட்டருக்கும் அதுவே. ஒரே நிரலிலிருந்து இத்தனை வகைக் கெர்னல் பிறப்பதற்கு அந்த கான்ஃபிக் ஃபைல்தான் காரணம்.

இன்றைய கெர்னலில் தேர்வு செய்ய வேண்டிய அம்சங்கள் பதினைந்தாயிரத்தைத் தாண்டும். பெரும்பாலானவற்றுக்குப் பதில் மூன்றில் ஒன்று. 'ஒய்' என்றால் கெர்னலோடு சேர்த்தே கட்டு. 'எம்' என்றால் தனி மாட்யூலாக டிஸ்கில் வை, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம். 'என்' என்றால் வேண்டாம். உபுண்டு, டெபியன் போன்றவற்றைத் தயாரிப்பவர்கள் ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்துவிட்டுப் பந்தி போடுகிறவர்கள் மாதிரி. யார் வருவார்கள் என்று தெரியாததால் எல்லாவற்றையும் சமைத்து வைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான டிரைவர்கள் 'எம்' போட்டுத் தயாராக இருப்பது அதனால்தான்.

இந்த ஃபைலில் ஒரு விசித்திரமும் உண்டு. மற்ற கான்ஃபிக் ஃபைல்களில் ஹாஷ் குறியில் தொடங்கும் வரி வெறும் குறிப்பு. இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. கெர்னல் கான்ஃபிக்கில், ஹாஷ் போட்டு 'இந்த அம்சம் செட் செய்யப்படவில்லை' என்று பொருள்படும் வரி இருந்தால், அதுதான் 'என்' என்ற பதில். குப்பை வரி என்று நினைத்து அழித்தால், அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை என்று ஆகிவிடும். அடுத்த முறை 'மேக் ஓல்ட்கான்ஃபிக்' என்று கட்டளை கொடுத்ததும் கெர்னல் அதே கேள்வியோடு வந்து நிற்கும்.

லைனஸ் டிஸ்கும் நண்பரின் டிஸ்கும்

கான்ஃபிக் எழுதிக் கெர்னல் கட்டும் வழக்கம் லினக்ஸுக்கு முந்தையது. 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வாக்ஸ் கணினிகளுக்காக பிஎஸ்டி யூனிக்ஸ் வளர்ந்துகொண்டிருந்தபோதே, 'கான்ஃபிக்' என்ற கருவியும் உடன் பிறந்தது. எந்த இயந்திரம், எந்த சிபியூ, எந்தெந்தச் சாதனம் என்று வரிக்கு ஒன்றாக எழுதிக் கொடுத்தால், அதற்கேற்ற கெர்னலுக்கு அது அடித்தளம் போட்டுத் தரும். அந்த மரபில் வந்த ஃப்ரீபிஎஸ்டியில் இன்றும் அதே முறைதான். 'ஜெனரிக்' என்ற பொது ஃபைலை உள்ளிழுத்துக்கொண்டு, வேண்டாததை மட்டும் நீக்கி எழுதினால் போதும்.

1991-ல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01-ல் இந்த வசதியெல்லாம் கிடையாது. 'கான்ஃபிக்' என்ற பெயரில் சின்ன ஹெடர் ஃபைல் ஒன்று, அதில் தேர்வுக்கு இரண்டே இரண்டு: 'லைனஸ் ஹெச்டி', 'லாசு ஹெச்டி'. முதலாவது அவருடைய கணினி, 8 எம்பி மெமரி. இரண்டாவது அவருடைய நண்பர் லார்ஸ் விர்சேனியஸின் கணினி, 4 எம்பி. உலகில் வேறு யாராவது அந்தக் கெர்னலைக் கட்ட விரும்பினால் அந்த ஃபைலைக் கையால் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பத்தே ஆண்டுகளில் அம்சங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. ஒன்றை ஆன் செய்தால் எதெல்லாம் கூட வர வேண்டும் என்ற சார்புகளைப் பழைய ஸ்கிரிப்ட்களால் தாங்க முடியவில்லை. எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர் பைத்தான் மொழியில் ஒரு புதிய முறையை எழுதிக்கொண்டு வந்தார். கெர்னல் கட்ட பைத்தானும் வேண்டுமா என்று பலர் முகம் சுளித்தார்கள். சண்டை நீண்டு, அந்த முயற்சி ஓரங்கட்டப்பட்டது. கடைசியில் ரோமன் சிப்பெல் என்பவர் எழுதிய 'கேகான்ஃபிக்' 2002 அக்டோபரில், 2.5.45 பதிப்பில் இடம்பிடித்தது. 'மேக் மெனுகான்ஃபிக்' என்று அடித்தால் நீலத் திரையில் விரியும் மெனு இந்த முறையின் முகம்தான்.

பென் டிரைவுக்கும் ஸ்கஸிக்கும் என்ன சம்பந்தம்?

முதல்முறை கான்ஃபிக் எழுதுகிறவர்கள் வழக்கமாக விழும் குழிகள் இரண்டு உண்டு.

ஒன்று ஸ்கஸி. 1980-களில் சிறிய கணினிகளோடு டிஸ்க் போன்ற சாதனங்களை இணைக்க வந்த தரம் அது. 'என் லேப்டாப்பில் ஸ்கஸி டிஸ்கே கிடையாது' என்று மாணவர் அதற்கு 'என்' கொடுக்கப் போவார். ஆனால் யுஎஸ்பி பென் டிரைவ் உள்ளுக்குள் பேசுவது ஸ்கஸி கட்டளைகளைத்தான். சாட்டா டிஸ்குகளையும் லினக்ஸ் ஸ்கஸி அடுக்கின் வழியாகவே கையாளுகிறது. அதை அணைத்த மறுகணம் யுஎஸ்பி ஸ்டோரேஜ் என்ற கேள்வியே மெனுவிலிருந்து மறைந்துவிடும். ஸ்கஸியை வைத்துக்கொண்டு 'ஸ்கஸி டிஸ்க்' என்ற உட்பிரிவை மட்டும் அணைத்தாலும் பென் டிரைவ் கண்ணில் படாது. இதில் தடுக்கி விழுந்தவர்கள் அதிகம் என்பதால், யுஎஸ்பி மெனுவிலேயே இதற்கென்று ஒரு எச்சரிக்கை வரி போட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு குழி இதைவிட ஆழம். டிஸ்கில் இருக்கும் ஃபைல்களைப் படிக்க 'எக்ஸ்ட்4' போன்ற ஃபைல் சிஸ்டத்துக்கான நிரல் வேண்டும். கெர்னல் சிறியதாக இருக்கட்டும் என்று அதற்கு 'எம்' கொடுத்தால், அந்த மாட்யூல் போய் உட்காருவது டிஸ்கில். டிஸ்கைப் படிக்க மாட்யூல் வேண்டும், மாட்யூலை எடுக்க டிஸ்கைப் படிக்க வேண்டும். கெர்னல் திகைத்து, 'ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை' என்று புலம்பிவிட்டு 'பேனிக்' ஆகி நின்றுவிடும். டெபியன், உபுண்டு எல்லாம் இதைச் சமாளிக்க 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சின்னத் தொகுப்பில் அவசியமான மாட்யூல்களை முன்கூட்டியே மெமரியில் ஏற்றிவிடுகின்றன. அது இல்லாமல் கட்டுகிறவர்கள் 'ஒய்' போட்டாக வேண்டும்.

50 ஹெர்ட்ஸ் ஊரில் 250 ஹெர்ட்ஸ்

மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்கு எளிதில் பிடிபடக்கூடிய அம்சம் ஒன்று கெர்னலில் உண்டு. நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட் திறனில் ஏழு யூனிட்டுகள், மொத்தம் 1,470 மெகாவாட். அந்த டர்பைன்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகின்றன. அதாவது விநாடிக்கு 50. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதன் பொருள் இதுதான்.

கெர்னலுக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. விநாடிக்கு எத்தனை முறை டைமர் தட்ட வேண்டும் என்பதை கான்ஃபிக் ஃபைலில் முடிவு செய்யலாம்: 100, 250, 300, 1000. ஒவ்வொரு தட்டலிலும் கெர்னல் விழித்து, அடுத்து எந்த வேலைக்கு முறை என்று பார்க்கும். சாதாரண பிசிக்களில் 2.4 பதிப்பு வரை 100. 2.6-ல் 1000 ஆக்கினார்கள். பதில் சுறுசுறுப்பாக வந்தது. லேப்டாப் பேட்டரி சீக்கிரம் காலியானது. 2005-ல் வந்த 2.6.13 முதல் இதை அவரவர் தேர்வுக்கு விட்டு, 250 என்பதைப் பொது அளவாக வைத்தார்கள்.

அந்த 300 ஏன்? 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளின் டிவி, விநாடிக்கு 25 படச் சட்டங்கள் என்ற கணக்கில் அமைந்தது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். டிவி கணக்கு 30. 300 என்பது 25-ஆலும் 30-ஆலும் மிச்சமின்றி வகுபடும். வீடியோ வேலை செய்கிறவர்களுக்குத் தோதானது என்று கெர்னலின் உதவிக் குறிப்பே சொல்கிறது. டர்பைன் சுற்றும் வேகம் டிவி வழியாக வந்து கெர்னல் மெனுவில் ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது.

தொழிற்சாலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்த இந்தத் தாளம் மட்டும் போதாது. சென்சாரிலிருந்து தகவல் வந்தால் குறித்த நேரத்துக்குள் பதில் போயாக வேண்டும். அதற்கான 'ரியல்டைம்' வசதி, இருபது ஆண்டுகளாக வெளியில் பேட்ச்சாகவே இருந்து, 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில்தான் முழுமையாக மைய நிரலில் சேர்ந்தது. இப்போது அதுவும் மெனுவில் ஒரு 'ஒய்'.

சென்னையில் ஒரு சிப்

சொந்தமாக ஒரு சிப்பைச் செய்கிறவர்களுக்கு கான்ஃபிக் எழுதுவது தவிர்க்க முடியாத வேலை. பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் சென்னை ஐஐடி உருவாக்கிய 'சக்தி' பிராசசர்கள் இதற்கு நல்ல உதாரணம். அதே பெர்க்லியில் 2010-ல் பிறந்த 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டவை. 2018-ல் இன்டெலின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாராகி வந்த சக்தி சிப்பில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு சண்டிகரை ஒட்டிய மொஹாலியிலுள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் இன்னொன்று தயாரானது.

காலத்தைக் கவனியுங்கள். ரிஸ்க்-ஃபைவுக்கான அடிப்படை நிரல் லினக்ஸில் சேர்ந்தது 2018 ஜனவரியில் வந்த 4.15-ல். பூட் ஆவதற்குத் தேவையான டைமர், இன்டரப்ட் டிரைவர்கள் மைய நிரலுக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபரில், 4.19-ல். ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் சென்னையிலும் சிப் கைக்கு வந்திருக்கிறது.

புது சிப்புக்கு கான்ஃபிக் எழுதும்போது ஒரு வரி தவறினாலும் திரையில் எதுவும் வராது. ரிஸ்க்-ஃபைவில் நீளம் குறைந்த 'கம்ப்ரஸ்டு' கட்டளைகள் என்று ஒரு பிரிவு உண்டு. கெர்னலின் அளவு குறையுமே என்று அதற்கு 'ஒய்' கொடுத்து, சிப்பில் அந்த வசதி இல்லாமல் போனால், அறியாத கட்டளையைப் பார்த்த பிராசசர் தொடக்கத்திலேயே நின்றுவிடும். சீரியல் போர்ட்டின் டிரைவரை விட்டுவிட்டால் கெர்னல் ஒழுங்காக ஓடினாலும் அதன் குரல் வெளியே கேட்காது. ஓடுகிறதா, செத்துவிட்டதா என்று தெரியாமல் பொறியாளர் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சக்தியின் சிறிய 'ஈ-கிளாஸ்' ரகம், லினக்ஸை விடச் சிறிய ரியல்டைம் இயங்குதளங்களுக்கானது. அவற்றில் ஒன்றான செஃபிர் பயன்படுத்துவதும் இதே கேகான்ஃபிக்தான். யூ-பூட், பிஸிபாக்ஸ், பில்ட்ரூட் போன்ற மென்பொருள்கள் எல்லாவற்றிலும் அதுவே. ஒருமுறை கற்றால் பல இடத்தில் சோறு போடும் வித்தை இது.

எங்கே தொடங்குவது?

பதினைந்தாயிரம் கேள்விக்கும் உட்கார்ந்து பதில் எழுத வேண்டியதில்லை. கெர்னல் நிரலாளர் ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதி, 2.6.32 பதிப்பில் சேர்ந்த 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளை, அந்த நேரத்தில் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் பார்த்து, மற்ற மாட்யூல்களைக் கழித்துவிடும். பழைய லேப்டாப்பில் மணிக்கணக்கில் இழுக்கும் கம்பைல் வேலை வெகுவாகக் குறையும். ஒரு நிபந்தனை: பிரின்டர், பென் டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிட்டுத்தான் இதைக் கொடுக்க வேண்டும். செருகாத பொருளுக்குப் புதிய கெர்னலில் இடமிருக்காது. பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலும் இருக்கட்டும். புதியது முரண்டு பிடித்தால் ரீஸ்டார்ட் செய்து பழையதற்குத் திரும்பிவிடலாம்.

தமிழில் கேட்டுக் கற்க ஆட்களும் இருக்கிறார்கள். மந்தாரக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய விழுப்புரத்தில் க்னூ/லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாகக் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழ் லினக்ஸ் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவருகிறது.

குறை இருப்பது கல்லூரிகளில். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் எல்லோருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒரு தாள் உண்டு. ஷெட்யூலிங் அல்காரிதத்தைப் பேப்பரில் போட்டு மார்க் வாங்குகிறார்கள். தன் கணினியின் கெர்னலைத் தானே கட்டிப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போகிறவர்களே அதிகம். லேப் தேர்வில் ஒரே ஒரு பயிற்சியைச் சேர்க்கலாம். ஒவ்வொரு மாணவரும் தன் இயந்திரத்துக்கு கான்ஃபிக் எழுதிக் கெர்னல் கட்டி பூட் செய்து காட்டட்டும். அதில் ஏதேனும் பத்து வரியைத் தொட்டு, ஏன் 'ஒய்', ஏன் 'என்' என்று வைவாவில் கேளுங்கள். இதற்குப் புது லேப் வேண்டாம், லைசன்ஸ் கட்டணம் வேண்டாம். பாடத்திட்டக் குழுக்கள் மனது வைத்தால் அடுத்த செமஸ்டரிலேயே தொடங்கிவிடலாம்.