எந்த வேடம் யாருக்கு?

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவருடைய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கின்றன. அந்த மேடையை வைத்தே, ஒரு வேடம் ஒருவருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்ப்போம்.

ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இந்த மேடைக்கு நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது, வெவ்வேறு ஊர்க்காரர்கள் அன்றிரவுதான் ஒன்றுசேர்கிறார்கள். ஆனாலும் கதை தடுமாறுவதில்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வகைகள் முன்பே பிரிந்திருக்கின்றன. அவரவர் பாட்டு அவரவருக்கு மனப்பாடம். நேரம் இல்லாத இடத்தில் வகை பெரிய உதவி.

நம் மனமும் ஆட்களை இப்படி வகை பிரித்து வைத்திருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவுக்குப் போர்த்துகீசியர் காலத்து முத்துக்குளிப்பு நாடகம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளையும் வசனம் படித்துக் காட்டவில்லை. அதற்குள் சிவப்பான பையன் போர்த்துகீசியத் தளபதியாகவும், கறுப்பான பையன் கடலில் குதிக்கிறவனாகவும் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் கரையில் நிற்கிறார்கள். இதற்குத்தான் அறியாச் சார்பு என்று பெயர். உப்பளத்தில் வாய்க்கால் வெட்டிவிட்டால் தண்ணீரை யாரும் தள்ள வேண்டாம், தானாகவே பாத்திக்குப் போய்விடும் அல்லவா, அதுபோல.

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். “எனக்கு யார்மீதும் வெறுப்பில்லை, பிறகு எப்படி எனக்குச் சார்பு இருக்கும்?” என்று கேட்கிறோம். வெறுப்பே இல்லாத மனதிலும் பழக்கம் இருக்குமே. சார்புக்கு அது போதும்.

“திறமை பார்த்துத்தானே கொடுக்கிறோம்” என்றும் சொல்லுவோம். சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பெண் வேடத்தையும் சிறுவர்களே கட்டினார்கள். அந்தக் காலத்துக் கண்ணுக்கு அது பழகிப்போயிருந்தது. ஆனால் 1935-இல் நடிகை கே.பி. சுந்தராம்பாள் திரைப்படத்தில் ஆண் வேடம் கட்டி நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். இப்படி ஒருவரை நிறுத்திப் பார்க்காதவரை, அந்த வேடத்துக்கான திறமை அவரிடம் இருப்பது நமக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே மனதோடு மல்லுக்கட்டுவதைவிட வேலையின் வரிசையை மாற்றுவது எளிது. பெயர் எழுதுமுன் எல்லா வேடத்தையும் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை படிக்கட்டும். ஆசிரியர் திரும்பி உட்கார்ந்து குரலை மட்டும் கேட்கட்டும். மேல்நாட்டு இசைக்குழுக்கள் பல, ஆள் எடுக்கும்போது வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் அமர்த்துவதும் இதற்காகத்தான்.

பிறகு, கடலில் குதிக்கிறவனுக்கு எத்தனை வசனம் என்று எண்ணிப் பார்ப்போம். மேடையில் அவன் இருந்தும் பேச்செல்லாம் தளபதிக்கே போயிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வகுப்பில் தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சங்குகுளிக் குடும்பத்துப் பிள்ளை இருந்தால், வசனம் எழுதும்போதே கூட உட்கார வைத்துக்கொள்ளலாம். கடலுக்கடியில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது அந்த வீட்டில் அன்றாடப் பேச்சு.