நிலக்கரித் தூசியும் வானிலையும்

பொத்தானை அழுத்துகிறோம், விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தின் ஒரு பகுதி எங்கோ நிலக்கரி எரிவதால் பிறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1970-ஆம் ஆண்டு முதல் 2017-ஆம் ஆண்டு வரை ஓர் அனல் மின் நிலையம் இயங்கியது. அதன் அருகே வட சென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் மின்சாரம் தருகிறது. அங்கு பிறக்கும் மின்சாரம் பொதுவான கம்பித் தொடரில் கலந்து திருவண்ணாமலைக்கும் வருகிறது. ஆனால் சாம்பல் மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பலாக எஞ்சும். இதில் பெரும்பகுதி மாவு போன்ற பறக்கும் சாம்பல். புகைபோக்கியில் ஏறுமுன் மின்விசையால் தூசியைப் பிடிக்கும் கருவிகள் நன்றாக வேலை செய்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைத் தடுத்துவிடும். எஞ்சியது வானில் செல்கிறது. பிடிபட்ட சாம்பல் நீருடன் கலந்து குழாய் வழியே சாம்பல் குளத்தை அடைகிறது. ஆகவே தூசி வருவது புகைபோக்கியிலிருந்து மட்டுமல்ல. சாம்பல் குளம், நிலக்கரிக் குவியல், சாம்பல் ஏற்றிய லாரி ஆகியவற்றிலிருந்தும் வருகிறது.

ஒரே நிலையம், ஒரே அளவு நிலக்கரி. ஆயினும் ஒரு நாள் காற்று தெளிவாயிருக்கிறது. மறுநாள் மூச்சு முட்டுகிறது. ஏன்? இங்குதான் வானிலை குறுக்கிடுகிறது.

முதலாவது, குளிர். மார்கழி, தை மாத விடியற்காலையில் நம் மலையடிவாரத் தெருக்களைப் பாருங்கள். அடுப்புப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் மேலே ஏறாமல் கூரை மட்டத்திலேயே படர்ந்து நிற்கும். வழக்கமாக மேலே செல்லச் செல்லக் காற்று குளிரும். மேகமற்ற குளிர்கால இரவிலோ தரை விரைவில் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றையும் குளிர்விக்கிறது. மேலே வெப்பமான காற்று பானைக்கு மூடியிட்டதுபோல் அமர்ந்துவிடுகிறது. தரையருகே கிளம்பும் தூசி அதனடியில் அடைபடும். உயரமான புகைபோக்கியின் புகை இரவில் மூடிக்கு மேலே மிதந்தாலும், காலை வெயிலில் தரை சூடாகிக் காற்று கலங்கும்போது கீழே இறங்கிவிடும். 1952 டிசம்பரில் இலண்டன் மாநகரில் இத்தகைய மூடியின் கீழ் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் 5 நாட்கள் தேங்கின. சுமார் 4,000 பேர் மாண்டனர் என அப்போது கணக்கிட்டார்கள். உண்மையில் அதைவிட மிகுதி என்று பின்னர் வந்த ஆய்வாளர் கூறினர்.

இரண்டாவது, காற்று. மெல்லிய காற்றில் தூசி தேங்கும். நல்ல காற்று அதைப் பரப்பி நீர்த்துப்போகச் செய்யும். ஆனால் கோடையில் காய்ந்த சாம்பல் குளத்தின்மேல் பலத்த காற்று வீசினால், அதுவே தூசியைக் கிளப்பி ஊருக்குள் கொட்டுகிறது. கடலோரமாகிய எண்ணூரில் பகலில் கடற்காற்று புகையை நிலத்தின் பக்கம் தள்ளுகிறது. வெயிலில் காய்ந்த தரைமேல் வந்ததும் அந்தப் புகை கீழே இழுக்கப்படுகிறது. நம்மை இதமாக வருடும் கடற்காற்று, சாம்பல் குளத்தின் அருகிலுள்ள செப்பாக்கம் போன்ற சிற்றூர்களுக்கு எப்போதும் இதமாக இருப்பதில்லை.

மூன்றாவது, மழை. ஐப்பசி மழை காற்றைக் கழுவுகிறது. ஈரமான சாம்பல் பறப்பதில்லை. எனினும் நுரையீரலின் ஆழம்வரை செல்லும் மிக நுண்ணிய துகள்கள் மழைத்துளிகளுக்கு எளிதில் சிக்குவதில்லை. கழுவப்பட்ட சாம்பலும் மறைந்துபோகவில்லை, நீரோடு சேர்ந்துவிடுகிறது. குழாய்க் கசிவாலும் பெருமழையாலும் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழியிலும் சாம்பல் படிந்து, மீனவர் வாழ்வைப் பாதித்திருக்கிறது.

தோழியரே, இதிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. வானிலை தூசியை இடம் மாற்றுகிறதே தவிர, அழிப்பதில்லை. இன்று நம்மைக் காத்த காற்று நாளை வேறொரு குழந்தையின் மூச்சில் தூசியைச் சேர்க்கிறது. ஆகவே காற்றையும் மழையையும் நம்பியிராமல், தூசி பிறக்கும் இடத்திலேயே அதைத் தடுக்க வேண்டும். தூசி பிடிக்கும் கருவிகளைப் பழுதின்றி வைத்தல், சாம்பல் குளத்தை ஈரமாகக் காத்தல், நிரம்பிய குளத்தை மண்ணால் மூடி மரம் நடுதல், லாரிகளை மூடிச் செலுத்துதல், சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பயன்படுத்துதல் ஆகியவை கைகூடும் வழிகள். நம் பங்குக்கு, ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்தலாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில் இவ்வுலகை நம் பொதுவான இல்லம் என்றார். ஓர் அறையின் விளக்குக்காக மற்றோர் அறையில் இருப்பவர் இருமலாமா? இறைவன் தந்த காற்று எல்லாருக்கும் பொது என்பதை மறவாதிருப்போம்.