அம்மாவின் தட்டு

என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சில வாரங்களாகத் தாமதமாக வந்துகொண்டிருந்தாள். காரணம் கேட்டால் தலைகுனிந்து நிற்பாள். ஒருநாள் சத்துணவு நேரத்தில் மெல்லக் கேட்டாள்: “டீச்சர், அம்மா சாப்பிட்ட தட்டுல சாப்பிட்டா எனக்கும் அது வருமா?”

அவள் அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சையால் மிகுந்த சோர்வு. காலைச் சமையல் மகளின் பொறுப்பாயிற்று. வீட்டில் அம்மாவுக்குத் தனித்தட்டு, தனிப்பாய். அக்கம்பக்கத்தில் ‘வயித்து வலி’ என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

“வராதும்மா. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், கட்டிப்பிடிக்கலாம். புற்றுநோய் இப்படியெல்லாம் ஒட்டாது” என்றேன். அவள் முகம் தெளிந்தது.

பெரியவர்களிடம் பேசக் கிராம சுகாதாரச் செவிலியருடன் அவள் வீட்டுக்குச் சென்றேன். செவிலியர் பொறுமையாக விளக்கினார். இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். அது பாலுறவு வழியே பரவுவதால்தான் பெண்ணின் நடத்தையைச் சந்தேகிக்கும் பேச்சு எழுகிறது. ஆனால், மணவாழ்வில் உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கும் எப்போதாவது இத்தொற்று வந்து, தானாகவே நீங்கிவிடுகிறது. சிலருக்கு மட்டும் நிலைத்து, 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றாக மாறுகிறது. இதில் யாரையும் பழிசொல்ல இடமில்லை.

கணவர் தயங்கிச் சொன்னார்: “என்ன பேசறதுன்னு தெரியாமதான் ஒதுங்கியே இருந்தேன்.” அம்மா சொன்னார்: “வலியக்கூடத் தாங்கிட்டேன் டீச்சர், அந்தத் தட்டத்தான் தாங்க முடியல.”

நோயை மனம் ஏற்பது என்பது ‘தலைவிதி’ என்று அடங்குவதன்று. நோயின் பெயரைச் சொல்லி, மருத்துவரிடம் கேள்வி கேட்டு, சிகிச்சையை இடையில் நிறுத்தாமல் முடிக்கும் துணிவு அது. வீடு ஏற்றுக்கொண்டால்தான் அத்துணிவு அவருக்கு வரும். மறுவாரம் முதல் கணவரே மருத்துவமனைக்கு உடன் சென்றார். பாட்டி மாற இன்னும் நாளாகலாம். ஆனால் தட்டுகள் இப்போது ஒன்றாகவே அடுக்கப்படுகின்றன.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியவை சில. தாமதத்தைக் கண்டிக்குமுன் தனியே காரணம் கேட்போம். வீட்டுப்பாடத்துக்குக் கூடுதல் நாள் கொடுப்போம். அறிந்ததை ஆசிரியர் அறையில்கூடப் பகிராதிருப்போம். அந்த அம்மாவின் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன். பெற்றோர் கூட்டங்களில், 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசப் பரிசோதனை உண்டு என்பதைச் சொல்வோம். 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் தடுப்பூசி பற்றியும் சொல்வோம்.

அந்த மாணவி இப்போது முதல் மணிக்கே வந்துவிடுகிறாள்.