புதிய தகவற் கருவியை வாங்குமுன் கமக்காரர் கணிக்க வேண்டியவை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் முன்னர் துலா மிதித்துப் பட்டையால் நீரிறைத்தனர். 1950களிலும் 1960களிலும் நீரிறைக்கும் யந்திரங்கள் விரைந்து பரவின. பலர் கூடிச் செய்த வேலையை யந்திரம் ஒன்றே செய்தது. அதனை வேண்டாமென்று இன்று எவருங் கூறார். ஆயினும், யந்திரம் கிணற்றிலிருந்து எவ்வளவு நீரை எடுக்கின்றது என்பதை அக்காலத்தில் அளந்தோர் மிகச் சிலரே. குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையினுள் நன்னீரானது உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படையாகவே உள்ளது. அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களிற் கிணறுகளில் உவர் ஏறிற்று.

இன்று கமக்காரரின் படலைக்கு வரும் புதுமைகள் வேறு வகையின. மண்ணின் ஈரத்தை அளந்து கைத்தொலைபேசிக்கு அறிவிக்குங் கருவி, சந்தை விலையைக் குறுஞ்செய்தியாகத் தருஞ் சேவை, இலையைப் படம்பிடித்தால் நோயைக் கூறும் செயலி எனப் பல உள. இவை நீரையோ பசளையையோ தருவன அல்ல. தகவலை மட்டுமே தருவன. ஆகவே, இவற்றை மதிப்பிடும் முறையும் வேறாதல் வேண்டும். தகவல் கிடைத்தபின் கமக்காரர் முன்பு செய்ததினின்றும் வேறாக எதனைச் செய்வார்? இவ்வினாவுக்கு விடை இல்லையாயின் கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் அதற்குக் கொடுக்கும் பணம் வீணேயாம்.

விலைத் தகவல் பற்றி நம் அயல்நாட்டில் நடந்த இரு ஆராய்ச்சிகள் இதனை நன்கு விளக்கும். கேரளத்தின் வடகரைக் கரையில் 1997ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி 11 படகுகள் வாங்குவாரின்றித் தம் மீனைக் கடலிற் கொட்டின. அதே காலையில், 15 கிலோமீற்றருக்குட்பட்ட அயற்கரைகளில் 27 பேர் மீன் கிடையாது திரும்பினர். கைத்தொலைபேசி வந்தபின் படகோட்டிகள் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தெரிந்தனர். முன்னர் 100க்கு 5 முதல் 8 வரை வீணான மீன், ஏறத்தாழ வீணாகாதாயிற்று. மீனவரின் இலாபம் 100க்கு 8 அளவில் உயர்ந்தது. உண்போர் கொடுத்த விலையும் 100க்கு 4 அளவிற் குறைந்தது. இதனை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டவர் ரொபேட் ஜென்சன் என்னும் பொருளியலறிஞர்.

மகாராட்டிரத்திலோ 100 கிராமங்களில் விலையும் வானிலையும் அறிவிக்குங் குறுஞ்செய்திச் சேவையொன்றை ஃபாவ்ஷாம், மின்டென் என்னும் இருவர் பரிசோதித்தனர். அதனைப் பெற்ற விவசாயிகள், பெறாதாரைவிடக் கூடிய விலை பெற்றனர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இம்முடிவு 2012இல் வெளிவந்தது.

கடலில் நிற்கும் படகு எக்கரைக்கும் திரும்பலாம். தோட்டத்திற் கத்தரிக்காயை ஆய்ந்து சாக்கிற் கட்டியவர் அவ்வாறு திரும்ப இயலுமா? லொறிக்காரரிடம் முற்பணம் வாங்கியவர், தம்புள்ளை விலையை அறிந்தாலும் அவருக்கே விற்பார். மருதனார்மடத்துக்கும் சுன்னாகத்துக்கும் இடையே விலை வித்தியாசமிருப்பினும், ஏற்றுகூலி அதனை விழுங்கிவிடலாம். காய்ந்த மிளகாய், சின்ன வெண்காயம், நெல் என்பனவற்றை வைத்து விற்கக்கூடியவருக்கு அதே செய்தி பெரும் பயன் தரும். எனவே, ஒரே சேவை ஒரே ஊரில் ஒருவருக்கு இலாபமாகவும் அயலவருக்கு நட்டமாகவும் முடிதல் வியப்பன்று.

நீர் பற்றிய கருவிகளும் இத்தன்மையனவே. கிணற்று நீரால் மரக்கறி செய்பவர் எந்நேரமும் யந்திரத்தை இயக்கலாம். ஈரமளக்குங் கருவி அவருக்கு ஓர் இறைப்பையாவது மிச்சப்படுத்தக்கூடும். இரணைமடுவின் கீழோ கட்டுக்கரைக் குளத்தின் கீழோ நெற்செய்கை பண்ணுபவருக்கு வாய்க்கால் நீர் முறைப்படியே வரும். வயல் நீர் கேட்கின்றது எனக் கருவி நள்ளிரவில் அறிவித்தாலும் துருசு திறக்கப்படமாட்டாது.

நெல்வயலுக்கு மலிவான மாற்றொன்றும் உண்டு. சருவதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறையில், 30 சென்ரிமீற்றர் நீளமான பிளாத்திக்குக் குழாயொன்றிற் பக்கமெங்குந் துளையிட்டு, பாதி மண்ணுள் இருக்குமாறு வயலில் நட்டு, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிடுவர். குழாயினுள் நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழிறங்கும்போது வயலுக்கு 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் பாய்ச்சுவர். பூக்குங் காலத்தில் மட்டும் வயலை வற்றவிடுதல் கூடாது. நீர் பாய்ச்சும் நேரம் தம் கையிலுள்ள கமக்காரர் இக்குழாயையும் விலைகூடிய கருவியையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராயின், கூடுதற் பணத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது யாதென்பது தெளிவாகும். சில வேளைகளில் அது வயலுக்கு நடக்குந் தூரம் மட்டுமே.

இனிச் செலவைக் கணிப்போம். விற்பவர் கருவியின் விலையை மட்டுமே சொல்வார். உதாரணமாக, விலை 45,000 ரூபா, மாதச் சந்தா 600 ரூபா, கருவி நான்கு ஆண்டுகள் உழைக்கும் எனக் கொள்வோம். சந்தா மட்டும் 28,800 ரூபா. மொத்தம் 73,800 ரூபா. ஆண்டுக்கு இரு போகமாயின் போகமொன்றுக்கு 9,225 ரூபா. பற்றரி, பழுதுபார்த்தல், மாடு மிதித்த நட்டம் என்பன இதிற் சேரா. எரிபொருளிலும் கூலியிலும் பசளையிலும் ஒவ்வொரு போகமும் இத்தொகை குறையுமா என்று கமக்காரர் தம் கொப்பியைப் பார்த்தே சொல்லல் வேண்டும். நகையை அடகுவைத்து வாங்குவதாயின் வட்டியையும் கூட்டுதல் அவசியம். முதற் போகத்திற் பயன் தராத கருவிக்கும் வட்டி நாள் தவறாது ஏறும்.

கணக்குப் பொருந்தினாலும் உடனே வாங்காது, ஒரு போகத்துக்கு இரவலாகவோ வாடகையாகவோ பெற்றுச் சோதித்தல் நன்று. அயலிலுள்ள நால்வர் சேர்ந்து ஒன்றை எடுக்கலாம். ஒரே மண், ஒரே இனம், ஒரே நாளில் நட்ட தறையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கருவியின்படியும் மறுபாதியை வழக்கப்படியும் செய்க. இறைத்த மணித்தியாலம், எரிபொருள், விளைச்சல், பெற்ற விலை என்பவற்றை இரு பாதிக்கும் வெவ்வேறாக எழுதுக. கருவி சொல்வது மெய்யா என்பதையும் கையாற் பார்த்தல் வேண்டும்: வேர்மட்டத்தில் மண்ணைத் தோண்டிப் பிடித்துப் பார்க்க. வெண்காயத்தின் வேர் ஆழமாகச் செல்லாது. ஆழத்திற் புதைத்த கருவி ஈரமுண்டென்று கூற, மேலே பயிர் வாடும். கல் நிறைந்த செம்மண்ணிற் கருவியைச் சுற்றிக் காற்றிடைவெளி இருப்பின் அளவு பிழைக்கும். களிமண்ணுக்கெனச் சரிசெய்த கருவி செம்மண்ணிற் சரியாகக் காட்டும் என்று கொள்ளவும் முடியாது.

விற்பவரிடம் சில வினாக்களை முகத்துக்கு நேரே கேட்டல் வேண்டும். அறிவித்தல் தமிழில் வருமா? தொலைபேசித் தொடர்பு வீட்டிலன்றி வயலிலே கிடைக்குமா? பழுதாயின் திருத்துபவர் எவ்வூரில் உள்ளார்? தோட்டத்தின் விளைச்சற் கணக்கு வேறு எவர் கைக்குச் செல்லும்? நிறுவனம் சேவையை நிறுத்தினாற் கருவி தனித்து இயங்குமா? கடைசி வினா வீண் அச்சமன்று. ஐக்கிய அமெரிக்காவில் பழைய 3ஜி வலையமைப்புகள் 2022இல் நிறுத்தப்பட்டபோது, அவற்றை நம்பியிருந்த பண்ணைக் கருவிகளின் தொடர்புப் பாகங்களை மாற்றவேண்டியதாயிற்று; கருவியிற் பழுதொன்றும் இருக்கவில்லை.

விடைகளை எழுத்திற் பெற்று, போகக் கணக்குக் கொப்பியுடன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். பெரும்போகத்துக்கு வாங்க எண்ணுபவர், சிறுபோகத்திலேயே தறையைப் பிரித்துச் சோதனையைத் தொடங்குதல் வேண்டும்.