காலில் வலி, முதுகில் காரணம்

மனித உடலில் உள்ள நரம்புகளிலேயே மிகத் தடிமனானதும் நீளமானதும் சயாட்டிக் நரம்பாகும். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து வெளிவரும் ஐந்து நரம்பு வேர்கள் இணைந்து இந்நரம்பு உருவாகிறது. இது பிட்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலுக்கு அருகில் இரு கிளைகளாகப் பிரிந்து பாதம் நோக்கிச் செல்கிறது.

இதன் வேர் ஒன்று அழுத்தப்பட்டால் வலி இடுப்பிலிருந்து காலுக்குப் பாய்கிறது. பெரும்பாலும் ஒரு கால் மட்டுமே வலிக்கும்; சில வேளைகளில் மரத்தும் போகும். அதனால், பலர் காலுக்கு மட்டும் தைலம் தேய்க்கின்றனர். உண்மையில் வலியின் மூலமோ முதுகில் இருக்கிறது.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. இவற்றின் வெளிப்பகுதி உறுதியான நார்களாலும் உட்பகுதி கூழ் போன்ற பொருளாலும் ஆனவை. நார்கள் நலிந்து கிழிந்தால் கூழ் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தும். இதுவே முதன்மைக் காரணமாகும். முதியவர்களுக்கு நரம்பு செல்லும் பாதை குறுகுவதாலும், முள்ளெலும்பு இடம் நழுவுவதாலும் இவ்வலி ஏற்படலாம். முதுகை வளைத்துப் பாரம் தூக்குதல், நெடுநேரம் அமர்ந்திருத்தல், உடற்பருமன், புகைபிடித்தல் ஆகியவை இவ்வலி வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகின்றனர். படுத்தே கிடப்பதைவிட இயன்றவரை நடமாடுவது நல்லது. ஆயினும், தொடைகளுக்கு இடையே உணர்வு குன்றினாலோ சிறுநீரை அடக்க இயலாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். எனவே, வலிக்கும் இடத்தை மட்டுமன்றி, வலியின் காரணத்தையும் அறிந்து செயல்படுவதே அறிவுடைமையாகும்.