ஆண்பிள்ளைச் சிங்கமும் ஹாஸ்யப் படமும்

'ஆண்பிள்ளைச் சிங்கம்' என்று ஒரு சொல் நம்மிடையே வெகு காலமாக உலவி வருகிறது. இச்சிங்கம் அடுப்பங்கரைப் பக்கம் போகாது. குழந்தை அழுதால் திரும்பிப் பாராது. தெரியாத விஷயத்தை மனைவியிடம் கேட்டு அறிவதோ அதற்குப் பெரிய கௌரவக் குறைவு. இதன் பிடரியைப் பிடித்து உலுக்கியவர்களில் ஹாஸ்ய நடிகர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஹாலிவுட்டின் மௌனப் படங்களையே எடுத்துக்கொள்வோம். 1921-ல் வெளிவந்த 'தி கிட்' படத்தில், சார்லி சாப்ளினின் நாடோடி ஒரு குழந்தையைக் கண்டெடுக்கிறான். காப்பிக் கெண்டியைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பால் புகட்டுகிறான். துணியைத் துண்டு போட்டு அணையாடை செய்கிறான். முதலில் சிரிக்கிறோம். சற்று நேரத்தில், தாயுள்ளம் பெண்களுக்கு மட்டும் உரியதன்று என்று நம் மனம் ஒப்புக்கொண்டுவிடுகிறது.

1922-ல் வந்த 'கிராண்ட்மாஸ் பாய்' படத்தில் ஹரால்ட் லாயிட் சரியான பயங்கொள்ளி. தாத்தாவை வீரராக்கிய தாயத்து என்று சொல்லிப் பாட்டி ஒரு பொருளைக் கொடுக்கிறாள். அதை நம்பிப் பேரன் கொள்ளைக்காரனையே பிடித்து விடுகிறான். கடைசியில் பார்த்தால், அது வெறும் குடைப்பிடி! வீரம் தாயத்திலும் இல்லை, மீசையிலும் இல்லை.

ஆனால் ஆணுக்கென்று வார்த்த அச்சை உடைத்த கை, பெண்ணின் அச்சைத் தொடத் தயங்கியது. 1926-ல் பஸ்டர் கீட்டன் நடித்த 'தி ஜெனரல்' படத்தில், பகைவர் துரத்திவரும் வேளையில் கதாநாயகி ரயில் இஞ்சினைத் துடைப்பத்தால் பெருக்குகிறாள்! 'பெண்புத்தி' என்று நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள். அவளே தண்டவாளத்தின் குறுக்கே, மரத்துக்கு மரம் ஒரு கயிற்றைக் கட்டுகிறாள். கதாநாயகன் ஏளனம் செய்கிறான். பகைவரின் வண்டியோ அந்தக் கயிற்றில்தான் சிக்குகிறது.

நம் தமிழ்ப் படத்துக்கு வருவோம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி ஏவி. மெய்யப்பன் 1941-ல் வெளியிட்டது 'சபாபதி'. டி. ஆர். ராமச்சந்திரன் அதில் பரீட்சையில் தேறாத பணக்காரப் பிள்ளை. அதே பெயர் கொண்ட வேலைக்காரனாகக் காளி என். ரத்னம் வந்து, அசட்டுத்தனத்தில் எஜமானனையும் மிஞ்சிவிடுகிறார். படித்த பெண்ணான மனைவி சிவகாமிதான் புருஷனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கரையேற்றுகிறாள். ஹாஸ்யத்தின் பெயரால் அவன் மாணவனாகவும் அவள் உபாத்தியாயினியாகவும் ஆனார்கள். சிங்கத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நமக்கு ஒரு கேள்வி மட்டும் எஞ்சுகிறது. புருஷன் தேறியபின் சிவகாமியின் படிப்பு என்னவாயிற்று? நம் முத்துப்பேட்டைப் பக்கத்து வயல்களில் முழங்கால் சேற்றில் நின்று நடவு நடுபவள் பெண். அவளுக்கு உலகம் இட்ட பெயர் 'அபலை'. வகுப்பில் முதலாவதாக நின்ற பெண்ணின் படிப்பு, கல்யாணப் பந்தலோடு முடிந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். திரையில் சிரிக்க முடிந்த விஷயம் இது. வீட்டில் சிரிக்க முடியவில்லை.

இப்படங்களைக் குடும்பத்தோடு பார்க்கும்போது, நேயர்களே, மனம்விட்டுச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், துடைப்பத்தைப் பிள்ளையிடமும் மேற்படிப்பு விண்ணப்பத்தைப் பெண்ணிடமும் கொடுங்கள்.